பெட்டிக்குள் திரைக்கம்பி

"இது கியூ இல்லை" என்றார் அண்ணி.

குண்டூசி கைதட்டினான். "அடேங்கப்பா! இதைச் சொல்லத்தான் நம்மளை டாக்ஸி அனுப்பிக் கூப்பிட்டாங்களா? கர்ட்டன் மாட்டற கம்பின்னு நம்ம வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியுமே அண்ணி."

"நம்ம வீட்டுல பூனை கிடையாது. வாயை மூடிட்டுக் கம்பி மேல சுத்தியிருக்கற துணியைப் பாரு."

நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று மேசை மேல் திறந்து கிடந்தது. ஸ்நூக்கர் ஆடுகிறவர்கள் தங்கள் கியூ குச்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பெட்டி. குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தடி நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, வெள்ளை ஃபிளானல் துணியில் சுற்றிக் கிடந்தது. இரண்டு முனைகளிலும் பஞ்சு வைத்துப் பதமாகக் கட்டியிருந்தது.

பெட்டிக்கு உரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வருஷமாகத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுகிறார். இந்த முறைதான் முதன்முதலாக இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறார். ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. இப்போது மணி பதினொன்று.

"வேற குச்சி வாங்கி ஆட முடியாதா டீச்சர்?" என்றான் குண்டூசி.

"பதினெட்டு வருஷமா ஒரே குச்சிங்க. வேற குச்சியில ஆடறதும் அடுத்தவங்க பல்செட்டை மாட்டிக்கிட்டுச் சாப்பிடறதும் ஒண்ணுதான்."

வாசலை மறித்தபடி போட்டிச் செயலாளர் நின்றார். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள், கையில் இரண்டு செல்போன்கள், கண்ணுக்குக் கீழே நாலு நாள் தூங்காத கருவளையம். "மேடம், போலீஸுக்குச் சொன்னா டிவிக்காரங்க மோப்பம் பிடிச்சுடுவாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன். ரெண்டேகாலுக்குள்ள டீச்சர் மேசைக்கு வரலைன்னா ஆடாமலே சாம்பியனுக்கு வெற்றின்னு விதி. நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணி பெட்டியின் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கணவர் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில். அவருடைய தம்பிதான் குண்டூசி. ஆள் ஒல்லி, நாக்கு கூர்மை. கடிகாரக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன், "இந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டுமா?" என்று கேட்ட ஒருவரிடம் "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கண்டிப்பா காட்டும் சார்" என்று சொன்ன அன்று அண்ணியின் உதவியாளன் ஆனான்.

"பெட்டிப் பூட்டுக்கு என்ன நம்பர் டீச்சர்?" என்று கேட்டார் அண்ணி.

"மூணு, ஒண்ணு, நாலு."

"பை! மூணு புள்ளி ஒண்ணு நாலு!" என்றான் குண்டூசி. "கணக்கு டீச்சர் பூட்டுக்கு இதைவிட ரகசியமா ஒரு நம்பர் வைக்க முடியுமா! திருடன் பத்தாங்கிளாஸ் பாஸ். அண்ணி, நான் பாதி கேஸை முடிச்சுட்டேன்."

டீச்சருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னார். காலையில் பயிற்சி மேசையில் ஆடிவிட்டு இந்த ஓய்வறையில் பெட்டியை வைத்திருக்கிறார். பத்து மணிக்கு மாடியில் டிவி பேட்டி. அவரும் சாம்பியனும் சேர்ந்து போயிருக்கிறார்கள். பத்தரைக்குத் திரும்பி வந்து திறந்து பார்த்தால் கம்பி. அறைக்கதவில் பூட்டு கிடையாது.

அண்ணி பெட்டியின் உள்மெத்தையை விரலால் தடவினார். "ஒரு கீறல்கூட இல்லை. தம்பி, திருடன் கையில என்ன கிடைச்சாலும் திணிச்சுட்டு ஓடுவான். இவன் கம்பிக்குத் துணி சுத்தி, முனைக்குப் பஞ்சு வெச்சு, மெத்தை கிழியாம படுக்க வெச்சிருக்கான். பெட்டி மேல இவ்வளவு பாசம் யாருக்கு?"

"பெட்டி செஞ்சவனுக்கு?"

"முதல்ல கம்பி எங்கேருந்து வந்ததுன்னு பார்ப்போம். இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. கம்பி இல்லாத ஜன்னல் எந்த அறையில இருக்கு? அதைத் தேடு."

குண்டூசியின் வாழ்க்கையில் அவன் ஜன்னல்களை இவ்வளவு கவனமாகப் பார்த்ததே இல்லை. டாக்டர் அறையில் திரையை விலக்கிப் பார்த்தான். உள்ளே கால் சுளுக்கோடு படுத்திருந்த கேமராமேன் திட்டினார். பத்திரிகையாளர் அறையில் நாற்காலி மேல் ஏறி நின்றான். "என்ன தேடறீங்க?" என்று ஒரு நிருபர் கேட்க, "என் எதிர்காலத்தை" என்று இறங்கி வந்தான். கேன்டீனில் நாலு ஜன்னல், நாலுக்கும் கம்பி இருந்தது. ஒரு கப் காபியும் கிடைத்தது.

நடைபாதையின் கோடியில் இறுதி ஆட்டம் நடக்கும் அரங்கம். கதவைத் தள்ளினான். பாதிதான் திறந்தது. அந்தப் பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். முழங்கை வரை மடித்த சட்டை, தோளில் மேசைத் துணியைத் துடைக்கும் தூரிகை.

"உள்ள வரக் கூடாது தம்பி. இப்பதான் மேசைத் துணிக்கு இஸ்திரி போட்டிருக்கேன். ஒரு தூசி பட்டாலும் பந்து திசை மாறிடும்." சொல்லும்போதே அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஜன்னல் பார்க்கணும்ங்க."

"இந்த ஹாலுக்கு ஜன்னலே கிடையாது. வெயில் பட்டா துணி வெளுத்துடும்." கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து வந்த மல்லிகை ஸ்பிரே வாசனையில் குண்டூசி மூன்று தும்மல் போட்டான்.

"அவர் இஸ்திரி மாமா" என்றார் பின்னால் வந்த செயலாளர். "ஸ்நூக்கர் மேசைத் துணி வழவழன்னு இருக்க தினமும் இஸ்திரி போடணும். இருபத்தாறு வருஷமா எங்க போட்டிக்கெல்லாம் அவர்தான். ஆட்டக்காரங்க எல்லாருக்கும் அவர் மாமா."

மிச்சமிருந்தது ஓர் அறைதான். கதவில் அட்டை தொங்கியது: 'ஓய்வில் இருக்கிறார். தொந்தரவு செய்யாதீர்.'

"சாம்பியன் அறை" என்று குசுகுசுத்தார் செயலாளர். "ஏழு வருஷமா இவர்தான் சாம்பியன். இவருக்கு 'சிலை'ன்னு பேர். மூஞ்சியில ஒரு தசை அசையாது. இவர் பல்லைப் பார்த்த ஒரே ஆள் பல் டாக்டர்தான்னு சொல்வாங்க."

அண்ணி கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஜன்னல் மொட்டையாக நின்றது. சிலை சோபாவில் படுத்து முகத்தில் துண்டைப் போட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஜன்னல் திரைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

குண்டூசி ஒரே தாவலில் அண்ணி பக்கம் போனான். அண்ணியின் காதில், "மாட்டிக்கிட்டார்! எதிராளி குச்சியை எடுத்துட்டு, சொந்த ஜன்னல் கம்பியையே வெச்சிருக்கார். சாம்பியனுக்குப் பந்துதான் குறி தப்பாது, மூளை தப்பும்போல" என்றான்.

"திரை ஏன் கீழ இருக்குங்க?" என்று அண்ணி கேட்டார்.

சிலை துண்டை விலக்கினார். "பேட்டி முடிச்சு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. துவைக்க எடுக்கறாங்கன்னு நினைச்சேன்."

"பேட்டிக்குப் போனப்ப உங்க பெட்டி?"

"இங்கதான். இதோ." சோபாவின் அடியில் அதே மாதிரி நீளப் பெட்டி.

அண்ணி நாற்காலிக்குப் போனார். மேலே இருந்த திரை கனமான வெல்வெட். அதன் மேல் ஒரு விரலை ஓட்டினார். வெல்வெட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. சுற்றியிருந்த இடமெல்லாம் ஒரே சீராக மினுங்கியது. அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடி மறைந்ததைக் குண்டூசி கவனித்தான். கேஸ் முடியப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்து அண்ணி அண்ணாந்து பார்த்தார். சுவரில் கம்பியைத் தாங்கும் கொக்கிகள். ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் கொக்கி.

"தம்பி, எண்ணு. திரை எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு கனம், ஒண்ணு மெல்லிசு."

"காணாமப்போன கம்பி?"

"ரெ..." குண்டூசி நிறுத்தினான். "ஐயோ. நமக்குக் கிடைச்சது ஒண்ணுதானே!"

அண்ணி சிலையிடம் திரும்பினார். "உங்க பெட்டியைக் கொஞ்சம் திறங்க."

"முடியாது." சிலையின் குரலும் சிலை மாதிரியே இருந்தது. "நடுவர் என் பேரைச் சொல்ற வரைக்கும் பெட்டியைத் திறக்க மாட்டேன். ஏழு வருஷப் பழக்கம். திறந்தா தோத்துடுவேன்."

"திறக்கலைன்னா ஆயிரத்தைந்நூறு பேர் முன்னாடி திறப்பீங்க. அப்ப டிவி கேமராவும் இருக்கும். உங்க இஷ்டம்."

சிலை யோசித்தார். பெட்டியை மடியில் வைத்துப் பூட்டின் எண்களைத் திருப்பினார். ஒன்று, நாலு, ஏழு.

"ஒரே ஆட்டத்துல எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி!" என்று குண்டூசி நெற்றியில் அடித்துக்கொண்டான். "உங்க ரெண்டு பேருக்கும் பூட்டு எதுக்குங்க? ஒரு ரிப்பன் கட்டி வெச்சிருக்கலாம்."

மூடி திறந்தது. உள்ளே வெள்ளை ஃபிளானல், முனைகளில் பஞ்சு, நடுவில் கம்பி.

ஏழு வருஷத்தில் முதன்முறையாகச் சிலையின் முகம் அசைந்தது. முதலில் வாய், பிறகு புருவம், கடைசியில் மொத்தமும். "என் குச்சி!" என்று துள்ளி எழுந்து அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து டீச்சர் தன் பெட்டியோடு ஓடி வந்தார். இரண்டு பெட்டிகளையும் இரண்டு கம்பிகளையும் பார்த்தார். எதிராளிகள் இருவரும் ஒரே சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

செயலாளரின் இரண்டு செல்போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. அவர் எதையும் எடுக்கவில்லை.

"டீச்சர் தோக்கணும்னா டீச்சர் குச்சியை எடுக்கணும்" என்றார் அண்ணி நிதானமாக. "சாம்பியன் தோக்கணும்னா சாம்பியன் குச்சியை எடுக்கணும். ரெண்டையும் எடுத்தவனுக்கு யார் ஜெயிச்சாலும் ஒண்ணுதான். அவனுக்கு வேண்டியது வேற."

"என்ன வேணும்?"

"நேரம். ரெண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கக் கூடாது. அவ்வளவுதான். வாங்க."

நடைபாதையில் அண்ணியின் நடைக்கு ஈடுகொடுக்கக் குண்டூசி ஓட வேண்டியிருந்தது. "எங்கே போறோம் அண்ணி?"

"வெல்வெட்டை எப்படி மடிச்சு வெச்சிருந்ததுன்னு பார்த்தியா? அவசரத்துல கம்பியை உருவினவன் திரையை வீசிட்டுப் போகணும். இவன் மடிச்சு, மேலேருந்து கீழ ஒரே போக்கா நீவி விட்டிருக்கான். ஒரு இழை எதிர்ப்பக்கம் திரும்பலை. அதை வேணும்னு செய்யலை, கை தானா செஞ்சிருக்கு. தினமும் துணியை ஒரே திசையில நீவற கை."

குண்டூசி நின்றுவிட்டான். தோளில் தூரிகையோடு நின்ற மனிதரின் சிரித்த முகம் கண் முன் வந்தது. "சேச்சே. மாமாவா?"

அரங்கக் கதவை அண்ணி தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே போனார். விளக்குகளின் கீழே பன்னிரண்டடி மேசை வெள்ளை விரிப்புக்குள் மூடிக் கிடந்தது. மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. குண்டூசி தும்மத் தயாராகி, தும்மாமல் மோந்து பார்த்தான். மல்லிகைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அவனுக்கு மிகப் பழக்கமான வாசனை. அண்ணனின் கல்யாணக் கோட்டைத் தானே இஸ்திரி போடுகிறேன் என்று கிளம்பிய அன்று வந்த அதே வாசனை.

"அண்ணி, கம்பளி தீஞ்ச வாசனை" என்றான் மெல்ல.

அண்ணி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அது தினமும் கிடைக்கிற விஷயமில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மாமா எழுந்து நின்றார். அண்ணி அவரிடம் குச்சி எங்கே என்று கேட்கவில்லை, ஏன் எடுத்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"மாமா, துணி மாத்த எத்தனை மணி நேரம் வேணும்?"

மனிதர் அப்படியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆள் இருந்தா ரெண்டரை மணி நேரம், ஒத்தை ஆளா அஞ்சு மேடம்" என்றார். பிறகு விரிப்பை விலக்கினார்.

பச்சைப் பசேல் என்றிருந்த துணியின் நடுவே, நீலப் பந்து வைக்கும் புள்ளிக்குப் பக்கத்தில், இஸ்திரிப் பெட்டியின் அச்சு கருகிப் பதிந்திருந்தது.

"இருபத்தாறு வருஷம். ஒரு தழும்பு விழுந்ததில்லை. இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து சம்சாரம் போன் பண்ணினா. பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு, பொண்ணுன்னு சொன்னா. சந்தோஷத்துல பெட்டியைத் துணி மேலயே வெச்சுட்டேன். உடனே ஞாபகம் வந்து தூக்கப் போனேன். 'இருங்க, இன்னொண்ணும் இருக்கு'ன்னா!"

"இரட்டையா?" என்றான் குண்டூசி.

"ரெட்டை. ரெண்டும் பொண்ணு." அவர் அழுதார், சிரித்தார், எது எப்போது என்று சொல்ல முடியவில்லை. "முதல் குழந்தையோட நிறுத்தியிருந்தா துணி தப்பிச்சிருக்கும் தம்பி."

குண்டூசி வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"செயலாளர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரலை மேடம். இருபத்தாறு வருஷப் பேரு. பூட்டு நம்பர் தெரிஞ்சதுதான், கனத்துக்குக் கம்பியை வெச்சா ரெண்டு மணிக்குத்தான் தெரிய வரும், குச்சியைக் காணோம்னு ஒரு மணி நேரம் தேடுவாங்க, அதுக்குள்ள மாத்திட்டுக் குச்சியைக் கண்டெடுத்த மாதிரி கொடுத்துடலாம்னு புத்தி கெட்டுப்போச்சு. துணியைப் பிரிக்கக் கை வெச்சப்புறம்தான் உறைச்சுது, ஒத்தை ஆளா இந்தத் துணியை இழுக்க முடியாதுன்னு."

மூலையில் நின்ற புதுத் துணிச் சுருளுக்குப் போனார். துணி சுற்றியிருந்த அட்டைக் குழாய்க்குள் கைவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குச்சிகளை உருவினார். இரண்டையும் ஃபிளானலில் சுற்றி, நுனிக்கு உறை போட்டு வைத்திருந்தார். திரும்பியபோது வாசலில் செயலாளர், டீச்சர், சிலை மூவரும் நின்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

மாமா குச்சிகளை உரியவர்களிடம் கொடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செயலாளர் இரண்டு செல்போன்களையும் சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு கொட்டித் தீர்த்தார். "எனக்கு மாரடைப்பு வராதது உங்க அதிர்ஷ்டம்! துணி தீஞ்சது விபத்து, அதை விடறேன். குச்சியை எடுத்தீங்க பாருங்க, அதை எப்படிங்க விட முடியும்? இப்பவே கிளம்புங்க. இனி எங்க போட்டி எதுக்கும் வர வேண்டாம். நான் வேற ஆளை வெச்சுத் துணி போட்டுக்கறேன்."

மாமா தலையாட்டினார். தூரிகையைத் தோளிலிருந்து எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். கதவை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க மாமா." பேசியது சிலை. "சார், இவர் போடாத மேசையில நான் ஆட மாட்டேன்."

"நீங்களா? உங்க குச்சியைத்தாங்க எடுத்தார்!"

"எடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆட்டம் முடிஞ்சப்புறம் அவரைத் திட்டறதா இருக்கேன். ஆனா ஏழு வருஷமா நான் அடிச்ச பந்து நேராப் போனதுன்னா அதுல பாதி இவர் கை."

டீச்சர் குச்சியின் உறையைக் கழற்றி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேஞ்சிருந்த நுனியைச் சீர் பண்ணிக்கூட வெச்சிருக்கார்" என்றார். "எனக்கும் கோபம்தான் சார். காலையிலேருந்து என் உசுரே போச்சு. அதுக்காக இவரை அனுப்பிட்டு, முன்னப்பின்ன தெரியாதவர் போட்ட மேசையில என் முதல் ஃபைனலை ஆடணுமா? என்னால முடியாது."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மூணு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதித் தரணும்" என்றார் மாமாவிடம். "அடுத்த போட்டிக்கு உங்களைக் கூப்பிடறதா வேண்டாமான்னு கமிட்டி முடிவு பண்ணும். இப்ப மணி பதினொன்னே முக்கால். எத்தனை ஆள் வேணும்?"

"துணியை இழுத்துப் பிடிக்க நாலு பேர் சார்."

சிலை கோட்டைக் கழற்றினார். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். குண்டூசி சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "துப்பறிய வந்த இடத்துல துணி இழுக்கறேன். இதை எந்தக் கணக்குல பில் போடுவீங்க அண்ணி?" என்றான். அண்ணி ஏற்கெனவே நாலாவது மூலையைப் பிடித்திருந்தார்.

பழைய துணி உரிந்து வந்தது. புதுத் துணி விரிந்தது. "இழுங்க, இன்னும் இழுங்க, டீச்சர் உங்க பக்கம் தளர்ச்சி!" என்று மாமாவின் குரல் மெல்ல மெல்ல அதிகாரமாக மாறியது. சிலை ஒரு முனையையும் டீச்சர் எதிர் முனையையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார்கள். மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, "உங்க இடது கை பலமாத்தான் இருக்கு, ஜாக்கிரதையா ஆடணும்போல" என்றார் சிலை. "ரொம்பத் தாமதமாத் தெரிஞ்சுக்கிட்டீங்க" என்றார் டீச்சர்.

இஸ்திரி போடும் நேரம் வந்தபோது அண்ணி மாமாவின் செல்போனை வாங்கிக் குண்டூசியிடம் கொடுத்தார். "இது அடிச்சா வெளியே ஓடிப்போய்ப் பேசு. மூணாவதா ஒண்ணு பிறந்திருந்தாலும் இஸ்திரி முடிஞ்சப்புறம் சொல்லு."

இரண்டு மணிக்கு அரங்கம் நிரம்பியது. தாமதத்துக்குக் காரணம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அறிவிக்கச் செயலாளர் எழுதி வைத்திருந்தார். டீச்சர் அந்தத் தாளை வாங்கி அடித்துத் திருத்தினார். ஒலிபெருக்கி சொன்னது: "மேசைத் துணி மாற்றப்பட்டிருப்பதால் ஆட்டம் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். காரணம், இரட்டைப் பெண் குழந்தைகள்." ஆயிரத்தைந்நூறு பேரும் சிரித்து, யாருக்கென்றே தெரியாமல் கைதட்டினார்கள்.

இரண்டரைக்கு நடுவர் பெயர்களை அழைத்தார். சிலை முதல் அடிக்குக் குனிந்தார்.

பின்வாசலில் குண்டூசி மாமாவின் பக்கத்தில் நின்றான். கையில் பையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக இருந்தார் மனிதர். வெளியே டாக்ஸி ஒலி எழுப்பியது. அவர் நகரவில்லை.

வெள்ளைப் பந்து புறப்பட்டது. சிவப்புக் குவியலின் ஓரத்தை லேசாக உரசியது, மேசை ஓரத்து ரப்பர் சுவரில் மோதியது, இரண்டாவது சுவரில் மோதியது, மேசை நீளத்துக்கு அலுங்காமல் குலுங்காமல் உருண்டு வந்து, கிளம்பிய பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு நூலிழை இடைவெளியில் நின்றது. அரங்கம் சிலைக்காகக் கைதட்டியது.

மாமா பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "துளி விலகலை" என்றார் தனக்குள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில் யாரும் ஓடாத ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்ஸியை நோக்கி ஓடினார்.